மில்ட் ஷ்மிட்

மில்ட் ஷ்மிட் (5 மார்ச் 1918 – 4 ஜனவரி 2017) கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகர அணிக்காக ஆடிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர். முழுப்பெயர் மில்டன் கான்ராட் ஷ்மிட். பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக 776 ஆட்டங்களில் ஆடி 229 கோல்கள் அடித்தார். பின்னர் அதே அணிக்குப் பயிற்றுநராகவும் பொது மேலாளராகவும் பணியாற்றினார். வீரராக இருந்தபோது இரண்டு, மேலாளராக இருந்தபோது இரண்டு என அந்த அணி வென்ற நான்கு ஸ்டான்லி கோப்பைகளில் அவருக்குப் பங்கு உண்டு.

அவருடைய ஆட்டப் பதிவேட்டைப் புரட்டினால் நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு எந்த எண்ணும் இல்லை. ஒரு விளையாட்டு வீரரின் உடலும் அனுபவமும் ஒன்றாகக் கூடிவரும் வயது அது. அந்த ஆண்டுகளை அவர் இரண்டாம் உலகப் போரில் கனடிய விமானப் படையில் கழித்தார். பெயரிலேயே ஜெர்மானியர் என்று தெரியும் ஒருவர், ஜெர்மனிக்கு எதிரான போரில் சேர்ந்தார். அந்த இடைவெளியையும் அந்தப் பெயரையும் தெரிந்துகொள்ளாமல் அவருடைய எண்களை மட்டும் பார்த்தால் அவர் யார் என்பது பாதிதான் விளங்கும்.

ஆட்டம் பற்றிச் சில செய்திகள்

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடும் ஆட்டம் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி அதற்கு உறவுக்காரன் என்றாலும் தனி ஆட்டம். சுமார் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், காலில் சறுக்குக் காலணிகளை அணிந்து ஆடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. ஓர் அணிக்குக் களத்தில் ஆறு பேர்: ஒரு கோல்காப்பாளர், இரண்டு தடுப்பாளர்கள், மூன்று முன்கள வீரர்கள். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அந்த மூன்று முன்கள வீரர்கள்தாம். வேகம் மிகுதி என்பதால் எவராலும் தொடர்ந்து களத்தில் நிற்க முடியாது. எனவே ஓர் அணியில் இப்படிப்பட்ட மூவரணிகள் பல இருக்கும். மாறி மாறிக் களம் இறங்குவார்கள். நடுவில் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். எப்போதும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே வெளியேறுவதால், நல்ல மூவரணிக்கு ரசிகர்களும் பத்திரிகைகளும் பட்டப்பெயர் வைப்பது வழக்கம். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வழிசெய்து பக்கைக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. ஒரு கோலுக்கு அதிகபட்சம் இருவர் வரை இப்படி உதவிப் புள்ளி பெறலாம். கிரிக்கெட்டில் ஓட்டக் கணக்கு எப்படியோ, ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரரின் மதிப்புக்கு இந்தப் புள்ளிக் கணக்கு அப்படி.

வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டி நேஷனல் ஹாக்கி லீக். சுருக்கமாக என்.எச்.எல். என்பார்கள். அதன் வெற்றிச் சின்னம் ஸ்டான்லி கோப்பை.

பெயர் மாறிய ஊர்

ஷ்மிட் பிறந்தது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள கிச்சனர் நகரில். அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த ஊரின் பெயர் பெர்லின். ஜெர்மானிய மொழி பேசிய குடியேறிகள் பெருந்தொகையாக வாழ்ந்த ஊர் என்பதால் அப்படி ஒரு பெயர். முதல் உலகப் போர் மூண்டதும் கனடா ஜெர்மனியின் எதிரி நாடாயிற்று; பெர்லின் என்ற பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் சந்தேகத்துக்கு ஆளானது. 1916இல் பெயரை மாற்றினார்கள். அந்த ஆண்டுதான் கடலில் மூழ்கி இறந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. 1902 முதல் 1909 வரை இந்தியாவில் படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர்தான் இந்தக் கிச்சனர்.

ஊரின் பெயரை மாற்றிவிடலாம், மக்களின் குடும்பப் பெயர்களை அப்படி மாற்ற முடியாது. ஷ்மிட், டுமார்ட், பாவர் என்ற பெயர்கள் அந்த வட்டாரத்தில் அப்படியே நிலைத்தன.

குடும்பம் வசதியானதன்று. பதின்ம வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார் ஷ்மிட். மாலை நேரங்களில் கிச்சனர் கிரீன்ஷர்ட்ஸ் என்ற இளையோர் அணியில் ஆட்டம். அங்கேதான் உட்ரோ 'வூடி' டுமார்ட்டும், பக்கத்து ஊரான வாட்டர்லூவைச் சேர்ந்த பாபி பாவரும் அவருக்குத் தோழர்களானார்கள். மூவரில் பாவர் மூத்தவர், 1915இல் பிறந்தவர். டுமார்ட் 1916. ஷ்மிட்தான் கடைக்குட்டி.

பாஸ்டன் அணியின் மேலாளர் ஆர்ட் ராஸ் முதலில் மற்ற இருவரையும் கண்டெடுத்தார். அவர்களுடைய சிபாரிசின் பேரில் 17 வயது ஷ்மிட்டுக்கும் 1935இல் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. அழைப்புக் கடிதத்தைப் படித்த பையன், பயணச் செலவை நாம்தான் ஏற்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கோடைகாலம் முழுவதும் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு வருவதாகப் பதில் எழுதினார் என்று ஒரு கதை பாஸ்டனில் நெடுங்காலம் சொல்லப்பட்டது. செலவை அணி ஏற்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மூவரணி

1936–37 பருவத்தில் மூவரும் பாஸ்டனின் துணை அணியாக இருந்த பிராவிடன்ஸ் ரெட்ஸில் சேர்ந்து ஆடினார்கள். அதன் பயிற்றுநர் ஆல்பர்ட் லெடுக் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார். ஜெர்மானியர் விரும்பி உண்ணும் புளிக்கவைத்த முட்டைக்கோசுக்கு 'சாவர்கிரௌட்' என்று பெயர். அதிலிருந்து 'கிரௌட் மூவரணி'. அப்போது அது ஒரு செல்லக் கேலி மட்டுமே. ஆனால் 'கிரௌட்' என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளின் படைவீரர்கள் ஜெர்மானியரைக் குறிக்கும் வசைச்சொல்லும் ஆகும். சில ஆண்டுகளில் அந்தச் சொல்லின் பொருள் கனத்துப்போனது.

1937இல் மூவரும் பாஸ்டன் முதன்மை அணியில் ஒன்றுசேர்ந்தார்கள். நடுவில் ஷ்மிட், இடப்பக்கம் டுமார்ட், வலப்பக்கம் பாவர். மூவரும் ஒரே வீட்டில் தங்கினார்கள். சம்பளம் பேசப் போகும்போதும் மூவருமாகவே போய், மூவருக்கும் ஒரே தொகை என்று கேட்டுப் பெற்றார்கள். வீரர்களுக்குச் சங்கம் எதுவும் இல்லாத காலம் அது. மேலாளர் சொன்னதுதான் சம்பளம். ஆர்ட் ராஸ் எதிரில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் மூவரும் குறைவாகவே பெற்றிருப்பார்கள்.

ஆட்டத்தில் மூவருக்கும் மூன்று இயல்பு. பாவர் நுணுக்கமானவர், தண்டனை வாங்காதவர். டுமார்ட் எதிரணியின் சிறந்த முன்கள வீரரை நிழல்போலத் தொடர்ந்து முடக்குவதில் வல்லவர். ஷ்மிட் மூவரின் எஞ்சின். வேகமாகச் சறுக்குவார், பக்கைத் தடியிலிருந்து நழுவவிடாமல் தடுப்பாளர்களின் நடுவே புகுந்துவிடுவார், மோதலுக்கு அஞ்சமாட்டார். இந்தக் கடைசிக் குணத்துக்கு அவருடைய முழங்கால்கள் வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தன. பிற்காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு முழங்கால்களையும் இறுகக் கட்டிக்கொண்டுதான் களம் இறங்குவார்.

1938–39 பருவத்தில் பாஸ்டன் 48 ஆட்டங்களில் 36ஐ வென்றது. அந்த ஆண்டு அணியில் சேர்ந்த புதிய கோல்காப்பாளர் ஃபிராங்க் பிரிம்செக் எதிரணிகளைக் கோலே அடிக்கவிடாமல் பல ஆட்டங்களை முடித்து, 'பூஜ்ஜியத்தார்' என்று பொருள்படும் பட்டப்பெயர் பெற்றார். இறுதிப் போட்டியில் டொராண்டோவை 4–1 என்ற கணக்கில் வென்று பாஸ்டன் கோப்பையைக் கைப்பற்றியது. ஷ்மிட்டுக்கு வயது 21.

அடுத்த பருவத்தில் என்.எச்.எல். வரலாற்றில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. புள்ளிப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் ஒரே மூவரணி பிடித்தது. ஷ்மிட் 22 கோல், 30 உதவி என 52 புள்ளிகள். டுமார்ட்டும் பாவரும் தலா 43. அதிகப் புள்ளி எடுப்பவருக்கு இன்று ஆர்ட் ராஸ் கோப்பை தரப்படுகிறது. ஆனால் அது தொடங்கியது 1947–48இல்தான். ஆகவே அந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தவரின் கீழேயே ஆடிய ஷ்மிட்டின் கையில் அது வரவில்லை.

1940–41இல் பாஸ்டன் தொடர்ந்து 23 ஆட்டங்களில் தோற்காமல் ஆடியது. இறுதிப் போட்டியில் டெட்ராய்ட்டை 4–0 என்று வீழ்த்தியது. ஏழு ஆட்ட இறுதித் தொடர் நடைமுறைக்கு வந்தபின் ஓர் ஆட்டமும் தோற்காமல் கோப்பை வென்ற முதல் அணி அதுதான். கோப்பைச் சுற்றில் 11 புள்ளிகளுடன் ஷ்மிட் முதலிடம். இந்த அணி இன்னும் நான்கைந்து ஆண்டுகள் கோலோச்சும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. முக்கிய வீரர்களில் பலர் முப்பதைத் தொடாதவர்கள்.

1942 பிப்ரவரி 10

கனடா 1939 செப்டம்பரிலேயே ஜெர்மனி மீது போர் அறிவித்துவிட்டது. அமெரிக்கா 1941 டிசம்பர் வரை போரில் இறங்கவில்லை. பாஸ்டன் வீரர்களில் பெரும்பாலோர் கனடியர். சம்பளம் வாங்கியதோ போருக்கு வெளியே இருந்த நாட்டில். அந்த இரண்டு ஆண்டுகளும் அவர்களுக்கு ஒரு சங்கடமான இடைக்காலம்.

பட்டப்பெயரும் உறுத்தலாயிற்று. ஜெர்மானியரைப் பழிக்கும் சொல்லால் சொந்த அணி வீரர்களைக் கொண்டாடுவது சரியாகப் படவில்லை. 'கிச்சனர் பிள்ளைகள்', 'தோழர் மூவரணி' என்றெல்லாம் மாற்றுப் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. எதுவும் ஒட்டவில்லை. போர் முடிந்ததும் பழைய பெயரே திரும்பி வந்தது. ஊருக்கு நேர்ந்தது மூவரணிக்கும் நேர்ந்தது என்றாலும், இங்கே வென்றது பழைய பெயர்.

மூவரும் கனடிய அரச விமானப் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய கடைசி ஆட்டம் 1942 பிப்ரவரி 10 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு எதிராக நடந்தது. ஐஸ் ஹாக்கியில் பாஸ்டன்–மாண்ட்ரியல் பகை மிகப் பழையது. இரு அணிகளும் சந்தித்தால் சண்டையில்லாமல் ஆட்டம் முடிவது அபூர்வம்.

பாஸ்டன் 8–1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் மூவரையும் பனித்தளத்தில் நிறுத்திப் பரிசுகள் கொடுத்தார்கள். அதன் பிறகு நடந்ததற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. இரு அணி வீரர்களும் சேர்ந்து மூவரையும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சற்று முன்புவரை தடியால் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த மாண்ட்ரியல் வீரர்களின் தோள்களிலும் அவர்கள் இருந்தார்கள். அரங்கில் பிரிவு வேளையில் பாடப்படும் ஸ்காட்லாந்துப் பாட்டு ஒலித்தது. பின்னாளில் எத்தனையோ விருதுகளும் விழாக்களும் கண்ட ஷ்மிட், முதுமையிலும் தம்மைப் பேட்டி காண வந்தவர்களிடம் இந்த இரவைத்தான் மறக்கமுடியாதது என்று சொல்லிவந்தார்.

அந்தப் பருவத்தில் அதுவரை 36 ஆட்டங்களில் 35 புள்ளிகள் எடுத்திருந்தார். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. 24 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

போர்க்காலம்

முதலில் மூவரும் ஒட்டாவாவில் இருந்த விமானப்படை அணிக்காக ஆடினார்கள். அந்த அணி அந்த ஆண்டே கனடாவின் தொழில்முறை சாராத அணிகளுக்கான ஆலன் கோப்பையை வென்றது. படையில் சேர்ந்தபின்னும் ஹாக்கியா என்று ஒரு கேள்வி எழலாம். அன்று கனடாவிலும் பலர் அதைக் கேட்டார்கள். பேர்பெற்ற வீரர்கள் உள்நாட்டு முகாம்களிலேயே தங்கி, படை அணிகளுக்கு ஆடிக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்ற குறை பத்திரிகைகளில் அடிபட்டது. அந்தக் குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் ஷ்மிட் பின்னர் கடல்கடந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். போர் முடியும்வரை படைப்பணியிலேயே இருந்தார்.

ஹாக்கி உலகம் போரில் உயிர்களையும் இழந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் இளம் தடுப்பாளர் டட்லி 'ரெட்' காரெட், ஷாவினிகன் என்ற கனடியப் போர்க்கப்பலில் பணியாற்றினார். 1944 நவம்பரில் ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் அது மூழ்கியது. கப்பலில் இருந்த 91 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டெட்ராய்ட் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடிய கோல்காப்பாளர் ஜோ டர்னர், அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டுப் பகுதியில் இறந்தார். டொராண்டோ அணியின் உரிமையாளர் கான் ஸ்மைத், ஏற்கெனவே முதல் உலகப் போரில் இருந்தவர், நாற்பதுகளின் வயதில் தாமே ஒரு பீரங்கிப் பிரிவைத் திரட்டிக்கொண்டு போய் 1944இல் பிரான்சில் படுகாயம் அடைந்து திரும்பினார்.

இவர்கள் இல்லாத என்.எச்.எல். எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். ஷ்மிட் இழந்தது என்ன என்பதை அளக்க அதுவே வழி.

போட்டியை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு இருந்தது. மக்களின் மனத்தெம்புக்கு விளையாட்டு தேவை என்று இரு நாட்டு அரசுகளும் கருதியதால் தொடர்ந்தது. 1942இல் புரூக்ளின் அணி கலைந்து, ஆறு அணிகள் மிஞ்சின. ரயில்களில் படைவீரர்களுக்கே முதலிடம் என்பதால் பயண நேரத்தைக் கருதி, சமனான ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் தருவதை 1942 நவம்பரில் நிறுத்தினார்கள். பிரிம்செக்கும் கடலோரக் காவல் படைக்குப் போய்விட்டார். ஆள் கிடைக்காமல் பாஸ்டன் 16 வயதுப் பையன் ஒருவனைக் களம் இறக்கியது. பெப் கிடோலின் என்ற அவர்தான் இன்றுவரை என்.எச்.எல். ஆடியவர்களில் மிக இளையவர். 1943–44இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 50 ஆட்டங்களில் ஆறு மட்டுமே வென்று 39இல் தோற்றது.

அனுபவமிக்க கோல்காப்பாளர்களும் தடுப்பாளர்களும் இல்லாத களத்தில் கோல்கள் மழையாகக் கொட்டின. 1943–44இல் நடுக்கோட்டு விதி மாற்றப்பட்டதும் தாக்குதல் ஆட்டத்துக்கு உதவியது. அந்தப் பருவத்தில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் ஷ்மிட்டின் பழைய அணித்தோழர் ஹெர்ப் கெய்ன். அவர் எடுத்தது 82 புள்ளிகள். அதுவரை எவரும் எட்டாத எண். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஷ்மிட் முதலிடம் பெற 52 போதுமானதாக இருந்தது. மறு ஆண்டு மாண்ட்ரியலின் மாரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். ரிச்சர்டும் படையில் சேர முயன்றவர்தான். எலும்பு முறிவுகளின் காரணமாக அவரை எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலக் கோல்கள் என்று அவரைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் கோல்களைக் குவித்து அவர் அந்த வாயை அடைத்தார். கெய்னுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 82 புள்ளி எடுத்தும் அவருக்கு ஹாக்கிப் புகழரங்கில் இடம் தரப்படவில்லை.

ஷ்மிட்டுக்குப் போன ஆட்டங்கள் மூன்று பருவங்களில் தலா 50 வீதம் 150. அதற்கு முந்தைய பருவத்தில் மிஞ்சியிருந்தவை தனி. அந்தக் கோல்மழையில் அவர் நனைந்திருந்தால் எத்தனை புள்ளிகள் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவது பாஸ்டன் ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. அந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. அவரும் அவரைப் போன்றவர்களும் களத்தில் இருந்திருந்தால் அந்தக் கோல்மழையே பெய்திருக்காது. ஆகவே அவர் இழந்ததை எண்ணிக்கையில் சொல்ல முடியாது. கோப்பையை வைத்துச் சொல்வதே பொருத்தம். 1941க்குப் பிறகு பாஸ்டன் அடுத்த கோப்பையை வெல்ல 29 ஆண்டுகள் ஆயின.

திரும்பிய பின்

1945 இலையுதிர்காலத்தில் மூவரும் பாஸ்டனுக்குத் திரும்பினார்கள். ஷ்மிட்டுக்கு 27 வயது. முதல் பருவத்தில் 48 ஆட்டங்களில் 31 புள்ளிகளே எடுத்தார். கால்களுக்குப் பழைய வேகம் திரும்பச் சிறிது காலம் பிடித்தது. ஆனாலும் அணி இறுதிப் போட்டி வரை போய் மாண்ட்ரியலிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் 27 கோல், 35 உதவி என 62 புள்ளிகள் எடுத்து, அவ்வாண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட முதல் அணியில் இடம்பெற்றார். அவருடைய ஆட்ட வாழ்விலேயே அதுதான் மிக உயர்ந்த எண்ணிக்கை. போர் அவரை முடித்துவிடவில்லை.

1947இல் பாவர் ஓய்வு பெற்றதும் மூவரணி கலைந்தது. மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். 1950–51இல் 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஷ்மிட், கட்டுப்போட்ட முழங்கால்களுடன் 61 புள்ளிகள் எடுத்து, அணிக்கு மிகவும் பயன்பட்ட வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். 52 புள்ளி எடுத்து முதலிடம் பெற்ற ஆண்டில் கிடைக்காத விருது அது.

1952 மார்ச் 18 அன்று பாஸ்டன் கார்டனில் ஷ்மிட், டுமார்ட் இருவருக்கும் பாராட்டு விழா ஏற்பாடாகியது. எதிரணி சிகாகோ. கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெற பாஸ்டனுக்கு அந்த வெற்றி தேவைப்பட்டது. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த 37 வயது பாவர், அந்த ஓர் இரவுக்காக மீண்டும் சறுக்குக் காலணி கட்டினார். சம்பிரதாயத்துக்கு வந்து கையசைத்துவிட்டுப் போவார் என்றே பலரும் நினைத்திருக்கவேண்டும். ஷ்மிட் அப்போது 199 கோல்களில் நின்றுகொண்டிருந்தார். 200ஆவது கோலை அன்று அடித்தார். அதற்கு உதவிப் புள்ளி பெற்றவர்கள் டுமார்ட்டும் பாவரும். பாவர் தாமும் ஒரு கோல் அடித்தார். பாஸ்டன் 4–0 என்று வென்று கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்தது. பாவர் அத்துடன் மீண்டும் வீடு திரும்பினார்.

பயிற்றுநரும் மேலாளரும்

1954 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, ஷ்மிட் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதே அணியின் பயிற்றுநரானார். இடையில் ஒரு சிறு விலகலைத் தவிர்த்து 1966 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1957இலும் 1958இலும் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். இருமுறையும் மாண்ட்ரியலே வென்றது. 1960களில் அணி அடிமட்டத்துக்குச் சரிந்தது. பயிற்றுநராக அவருடைய பதிவு பெருமைப்படும்படி இல்லை.

எனினும் அந்தக் காலத்தின் ஒரு நாள் ஹாக்கி வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1958 ஜனவரி 18 அன்று மாண்ட்ரியல் அரங்கில் வில்லி ஓ'ரீ என்ற இளைஞர் பாஸ்டன் சட்டையணிந்து களம் இறங்கினார். என்.எச்.எல். ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். அன்று பயிற்றுநராக இருந்தவர் ஷ்மிட். நீ இந்த அணியில் ஒருவன், வேறெதையும் நினைக்காமல் ஆடு என்ற பொருள்படத் தம்மிடம் அவர் சொன்னதை ஓ'ரீ பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஷ்மிட்டின் இரண்டாம் வாழ்க்கையில் மிகப் பெரிய செயல் 1967 மே மாதத்தில் நடந்தது. சிகாகோவுடன் வீரர்களைப் பரிமாறிக்கொண்டு ஃபில் எஸ்போசிட்டோ, கென் ஹாட்ஜ், ஃபிரெட் ஸ்டான்ஃபீல்டு மூவரையும் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார். கொடுத்ததும் மூவர்தாம், ஆனால் இரு தட்டுகளும் சமமாக இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. எஸ்போசிட்டோ 1968–69இல் 126 புள்ளிகள் எடுத்து, ஒரே பருவத்தில் நூறைத் தாண்டிய முதல் வீரரானார். ஏற்கெனவே அணியில் இருந்த இளம் தடுப்பாளர் பாபி ஓர் ஆட்டத்தின் போக்கையே மாற்றிக்கொண்டிருந்தார். 1970 மே 10 அன்று கூடுதல் நேரத்தில் ஓர் அடித்த கோலுடன் கோப்பை பாஸ்டனுக்கு வந்தது. ஷ்மிட் வீரராக வென்ற 1941க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1972இல் மீண்டும் ஒன்று.

அதன் பின் புதிதாகத் தொடங்கிய வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் முதல் பொது மேலாளராகப் போனார். அந்த அணி 1974–75இல் 80 ஆட்டங்களில் 8 மட்டுமே வென்று 67இல் தோற்றது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்டனுக்கே திரும்பி வந்து, கார்டன் அரங்கில் பருவச் சீட்டுதாரர்களுக்காக நடந்த உணவு மன்றத்தின் நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்தார்.

பிற்காலம்

1961இல் ஷ்மிட் ஹாக்கிப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அவர் அணிந்த 15ஆம் எண் சட்டையை வேறு எவருக்கும் தருவதில்லை என்று பாஸ்டன் அணி 1980இல் முடிவு செய்தது. அவருடைய தோழர்களுக்குப் புகழரங்கக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. டுமார்ட் 1992இல் சேர்க்கப்பட்டார். பாவர் சேர்க்கப்பட்டது 1996இல். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், அவர் தம் 49ஆம் வயதில் இறந்துவிட்டார். டுமார்ட் 2001இல் காலமானார்.

2016 அக்டோபரில் பாஸ்டன் அணியின் உள்ளூர்ப் பருவத் தொடக்க ஆட்டத்தில், 98 வயது ஷ்மிட்டும் பாபி ஓரும் சேர்ந்து முதல் பக்கை இட்டுத் தொடங்கி வைத்தார்கள். 2017 ஜனவரி 4 அன்று ஷ்மிட் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலமானார். அந்நாளில் உயிரோடிருந்த முன்னாள் என்.எச்.எல். வீரர்களில் அவரே மிக மூத்தவர். 1942இல் தோளில் தூக்கிச் செல்லப்பட்ட மூவரில் கடைசியாக எஞ்சியிருந்தவரும் அவர்தான்.